தேர்வு போனது, வேலி நிற்கிறது: ஹாம் உரிமமும் மோர்ஸ் சண்டையும்

அமெரிக்காவில் ஹாம் ரேடியோவுக்குள், அதாவது பொழுதுபோக்காகச் சொந்த நிலையம் வைத்துப் பேசும் அமெச்சூர் ரேடியோவுக்குள், நுழைபவர் முதலில் வாங்குவது டெக்னீசியன் உரிமம். 35 கேள்விகள், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. மோர்ஸ், அதாவது குட்டை ஒலியும் நீள ஒலியுமாக எழுத்துகளை அனுப்பும் குறிமுறை, அதில் தேர்வு கிடையாது. உரிமம் வந்த கையோடு சிற்றலையில் (உலகம் சுற்றும், 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழான பகுதி) தனக்கு எங்கெல்லாம் இடம் இருக்கிறது என்று அட்டவணையைப் பார்ப்பார். 80 மீட்டர் பேண்டில் (பேண்டுகளுக்கு அலைநீளத்தை வைத்துத்தான் பெயர்) 3.525 முதல் 3.600 மெகாஹெர்ட்ஸ் வரை. 40 மீட்டரில் 7.025 முதல் 7.125 வரை. 15 மீட்டரில் 21.025 முதல் 21.200 வரை. இந்த மூன்று இடத்திலும் அவருக்கு ஒரே ஒரு வேலைக்குத்தான் அனுமதி: மோர்ஸ். மைக்கைப் பிடித்துப் பேசக் கூடாது, கணினியை இணைத்து எஃப்.டி.8 என்ற டிஜிட்டல் முறையில் அனுப்பக் கூடாது. 10 மீட்டரில் மட்டும் 28.300 முதல் 28.500 வரை பேச விடுகிறார்கள்.

அதாவது, மோர்ஸ் தெரிய வேண்டியதில்லை என்று சொல்லி உள்ளே விட்ட ஆளுக்கு, மோர்ஸ் தெரிந்தால் மட்டும் பயன்படுகிற இடங்களை ஒதுக்கியிருக்கிறார்கள்.

மேல்தட்டிலும் இதே கூத்துதான். உச்ச வகுப்பான எக்ஸ்ட்ரா உரிமம் வைத்திருப்பவருக்கு 80, 40, 20, 15 மீட்டர் பேண்டுகளின் அடியில் 25 கிலோஹெர்ட்ஸ் தனியாக உண்டு. 14.000 முதல் 14.025 வரை வேறு யாரும் அனுப்ப முடியாது. அரிதான தீவுகளிலிருந்து ஒலிபரப்பும் குழுக்கள் மோர்ஸுக்கு வழக்கமாக வந்து உட்காரும் இடம் அது. அந்த எக்ஸ்ட்ராவுக்கும் 2007க்குப் பிறகு மோர்ஸ் தேர்வு இல்லை. 50 கேள்விகளில் 37 சரியாக எழுதினால் போதும். ‘ஏ’ என்ற எழுத்தை அடிக்கத் தெரியாதவருக்கும் உலகின் மிகச் சிறந்த மோர்ஸ் மனை பட்டா போட்டுக் கிடைத்துவிடும்.

மோர்ஸ் வேண்டுமா வேண்டாமா என்று இருபது முப்பது வருடம் நடந்த சண்டையில் இரண்டு தரப்பும் கவனிக்காமல் விட்டது இதைத்தான். தேர்வை எடுத்தார்கள். அந்தத் தேர்வை நம்பிக் கட்டிய வகுப்பு வேலிகளை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அந்தத் தேர்வு எதற்காக வந்தது என்பதில் குழப்பம் இல்லை. ஒரு காலத்தில் கப்பலும் கரையும் ராணுவமும் மோர்ஸில்தான் பேசின. அமெச்சூர் ஒருவர் தவறான இடத்தில் அனுப்பிக்கொண்டிருந்தால், ‘நிறுத்து, ஆபத்துச் செய்தி போகிறது’ என்று கடற்கரை நிலையம் சொல்வதை அவர் புரிந்துகொள்ள வேண்டும். அதனால் பன்னாட்டு ரேடியோ விதிகளிலேயே ஒரு நிபந்தனை இருந்தது: கையால் சரியாக அனுப்பவும் காதால் சரியாக வாங்கவும் தெரிந்தவருக்கே அமெச்சூர் உரிமம். விலக்கு என்பது ஓர் அதிர்வெண்ணுக்கு மேலே மட்டும் இயங்குபவர்களுக்கு. அந்தக் கோடு இறங்கிக்கொண்டே வந்தது. 1947இல் 1000 மெகாஹெர்ட்ஸ், 1959இல் 144, 1979இல் 30. சிற்றலை என்பது 30க்குக் கீழே உள்ள பகுதி. ஆக, உலகம் சுற்றும் அலைகள் வேண்டுமானால் மோர்ஸ் தெரிந்தே ஆக வேண்டும் என்ற நிலை 2003 வரை நீடித்தது.

இதில் ஜப்பான் தன் பாட்டுக்கு வேறு வழியில் போனது. 1950களின் இறுதியிலேயே மோர்ஸ் தேர்வு இல்லாத தொலைபேசி வகுப்பு ஒன்றைத் தொடங்கி, 7 மெகாஹெர்ட்ஸிலும் பிறகு 21 மெகாஹெர்ட்ஸிலும் 10 வாட்டில் பேச அனுமதி கொடுத்தார்கள். பன்னாட்டு விதிக்கு இது எப்படிப் பொருந்தும் என்று மற்ற நாட்டு ஹாம்கள் தலையைச் சொறிந்ததுதான் மிச்சம். மோர்ஸை எடுத்தால் சிற்றலை சந்தைக்கடை ஆகிவிடும் என்று அமெரிக்காவில் பயமுறுத்திக்கொண்டிருந்த காலம் முழுக்க, மோர்ஸ் தேர்வு எழுதாத லட்சக்கணக்கான ஜப்பானியர்கள் 21 மெகாஹெர்ட்ஸில் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த 15 மீட்டர் பேண்டில் அவர்களுடன் பேசி, பேசியதை உறுதிசெய்யும் அட்டை வாங்கியவர்களில் பலர், மறுநாள் காலை மோர்ஸ் ஒழிந்தால் ஒழுக்கம் ஒழியும் என்று எழுதியிருப்பார்கள்.

அமெரிக்க வகுப்புகளின் இன்றைய வடிவத்துக்கு விதை 1951. அந்த வருடம் நாவிஸ், டெக்னீசியன், ஜெனரல், கண்டிஷனல், அட்வான்ஸ்டு, எக்ஸ்ட்ரா என்று ஆறு வகுப்புகள். மோர்ஸ் வேகம் நாவிஸுக்கும் டெக்னீசியனுக்கும் நிமிடத்துக்கு 5 சொல், ஜெனரலுக்கு 13, எக்ஸ்ட்ராவுக்கு 20. கண்டிஷனல் என்பது அரசு அலுவலகத்திலிருந்து தொலைவில் இருப்பவர்கள் தபாலில் எழுதிய ஜெனரல். நேரில் எழுதியவர்கள் அவர்களைக் கடைசி வரை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். நாவிஸ் கிரிஸ்டல் போட்ட டிரான்ஸ்மிட்டரை 75 வாட் உள்ளீட்டுக்குள் ஓட்ட வேண்டும், அதிர்வெண்ணை நகர்த்த முடியாது.

1953இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. ஜெனரலுக்கு எல்லா இடங்களையும் திறந்துவிட்டது. அதன் பிறகு எக்ஸ்ட்ரா எடுத்தவருக்குச் சான்றிதழைச் சுவரில் மாட்டுவது தவிர வேறு பயன் இல்லை. பத்து வருடம் இப்படியே போனது. 1963இல் அமெரிக்க ஹாம்களின் தேசியச் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல்., மேல் வகுப்புக்கு ஏற ஊக்கம் வேண்டும் என்று ஒரு திட்டத்தை முன்வைத்தது. எஃப்.சி.சி. அதைத் தன் விருப்பப்படி திருத்தி 1967இல் ஏற்றது. 1968 நவம்பர் 22 அன்று முதல் கட்டம், சரியாக ஒரு வருடம் கழித்து இரண்டாம் கட்டம். 1952 முடிவில் புதியவர்களுக்கு மூடியிருந்த அட்வான்ஸ்டு வகுப்பையும் மீண்டும் திறந்தார்கள்.

ஊக்கம் என்று பெயர் வைத்தாலும் நடந்தது பறிப்பு. புதிதாக ஒரு கிலோஹெர்ட்ஸ்கூட யாருக்கும் கிடைக்கவில்லை. ஜெனரல்கள் பதினைந்து வருடமாகப் பேசிக்கொண்டிருந்த இடங்களை வெட்டி, ‘இன்னொரு தேர்வு எழுதினால் திருப்பித் தருகிறோம்’ என்றார்கள். ஏற்கெனவே வாங்கிய பட்டத்தைச் சான்றிதழாக மாற்றி, மறுபடி எழுது என்று சொன்னால் எப்படி இருக்கும்? கோபத்தில் பலர் ஏ.ஆர்.ஆர்.எல். உறுப்பினர் சந்தாவையே நிறுத்தினார்கள். அந்தக் கசப்பு அடுத்த நாற்பது வருட விவாதத்திலும் அடியில் கிடந்தது. பிற்காலத்தில் யார் மோர்ஸை எடுக்கலாம் என்றாலும், ‘நான் 13 சொல் எழுதித்தான் வந்தேன், 20 சொல் எழுதித்தான் இழந்ததைத் திரும்பப் பெற்றேன், இவனுக்கு மட்டும் ஏன் இலவசம்?’ என்ற கேள்வி முன்னால் வந்து நின்றது. அது அநியாயமான கேள்வி இல்லை. ஆனால் ரேடியோவைப் பற்றிய கேள்வியும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு விவரத்தைப் பிடித்துக்கொண்டால் மீதிச் சண்டை தானே விளங்கும். 1987 வரை டெக்னீசியனும் ஜெனரலும் எழுதிய தொழில்நுட்பத் தேர்வு ஒன்றே. ஒரே கேள்வித்தாள், ஒரே தேர்ச்சி மதிப்பெண். இருவருக்கும் ஆன்டெனா தெரியும், ஓம் விதி தெரியும், விதிமுறை தெரியும். வித்தியாசம் 5 சொல்லுக்கும் 13 சொல்லுக்கும் இடையில் உள்ள 8 சொல் மட்டும். அந்த 8 சொல் வராதவர் 14.250இல் மைக்கில் பேச முடியாது. மைக்கில் பேசுவதற்கும் காதால் 13 சொல் வாங்குவதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் நேரான பதில் எவரிடமும் இருந்ததில்லை. தொடர்பு இல்லை என்பதே பதில். அது வாயில்காப்போன் வேலை செய்தது, அதைச் செய்யத்தான் வைத்திருந்தார்கள்.

13 ஏன் இவ்வளவு தடுத்தது, 5 ஏன் தடுக்கவில்லை? இதைப் புரிந்துகொள்ள மோர்ஸின் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

வேகத்தை அளக்க ‘பாரிஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். ஒரு டிட் (குட்டை ஒலி) ஓர் அலகு, ஒரு டா (நீள ஒலி) மூன்று அலகு, எழுத்துக்குள் இடைவெளி ஒன்று, எழுத்துகளுக்கு நடுவே மூன்று, சொற்களுக்கு நடுவே ஏழு. இப்படிக் கூட்டினால் ‘பாரிஸ்’ என்ற ஐந்தெழுத்துச் சொல் கடைசி இடைவெளியோடு சரியாக 50 அலகு. அதனால் ஒரு டிட்டின் நீளம் மில்லிவினாடியில் வேண்டுமானால் 1200ஐ வேகத்தால் வகுத்தால் போதும். 5 சொல்லில் டிட் 240 மில்லிவினாடி. 13இல் 92. 20இல் 60.

இப்போது ஆங்கில ‘க்யூ’ எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: டா டா டிட் டா. மொத்தம் 13 அலகு. 5 சொல் வேகத்தில் இது முழுசாக ஒலித்து முடிய மூன்று வினாடிக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் மனசுக்குள் எண்ணலாம்: ரெண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம், மனப்பாடம் செய்த அட்டவணையில் தேடலாம், கண்டுபிடித்து எழுதலாம். 13 சொல்லில் அதே எழுத்து 1.2 வினாடியில் முடிந்துவிடும். எண்ணித் தேடுவதற்குள் அடுத்த எழுத்து பாதி போயிருக்கும். எண்ணிப் பழகியவர்கள் 10 சொல் பக்கத்தில் முட்டி நின்றுவிடுவதன் காரணம் இதுதான். இன்னும் முயற்சி போதவில்லை என்று நினைத்து அதே முறையில் ஆறு மாதம் மண்டையை உடைப்பார்கள். தப்பு முயற்சியில் இல்லை, முறையில். 10ஐத் தாண்ட வேண்டுமானால் எண்ணுவதையே கைவிட்டு, ஒவ்வோர் எழுத்தையும் ஒரே ஒலியாகக் கேட்க மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். தந்தி ஊழியர்களின் கற்றல் வளைகோட்டில் இப்படிச் சமதளங்கள் வருவதை பிரையனும் ஹார்ட்டரும் 1897, 1899 ஆய்வுகளிலேயே விவரித்துவிட்டார்கள்.

எண்ணுகிற பழக்கம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ‘எஸ்’ மூன்று டிட், ‘எச்’ நான்கு, எண் 5 ஐந்து. ‘பி’ ஒரு டாவும் மூன்று டிட்டும், எண் 6 ஒரு டாவும் நான்கு டிட்டும். 15 சொல் வேகத்தில் இவற்றைக் கலந்து போடுங்கள். எச்சும் 5ம் மாறி மாறி வந்தால் ஆள் எண்ணுகிறார். ஒலியாகக் கேட்பவருக்கு இந்தக் குழப்பம் குறைவாகவே வரும்.

முறை சரியாக இருந்தால் பெரும்பாலோருக்கு இது முடியாத காரியமே இல்லை. இரண்டு வழிகள் நின்று நிலைத்தவை. ஒன்று ஃபார்ன்ஸ்வொர்த் இடைவெளி: எழுத்தை வேகமாக ஒலிக்க விட்டு, எழுத்துகளுக்கு நடுவே நீட்டிவிடுவது. 15 சொல் வேக எழுத்தை 5 சொல் மொத்த வேகத்தில் கொடுத்தால் டிட் 80 மில்லிவினாடி. ‘பாரிஸ்’ சொல்லின் ஒலிப்பகுதி 31 அலகு, அது இரண்டரை வினாடியில் முடிந்துவிடும். மீதி ஒன்பதரை வினாடி இடைவெளிகளுக்குப் போகும். எழுத்துகளுக்கு நடுவே ஒன்றரை வினாடி, சொற்களுக்கு நடுவே மூன்றரை. யோசிக்க நேரம் தாராளம், எண்ண வாய்ப்பு இல்லை. அமெரிக்காவில் கடைசிக் காலத்து 5 சொல் தேர்வுகளை இப்படித்தான் நடத்தினார்கள்.

இன்னொன்று 1930களில் ஜெர்மன் உளவியலாளர் லுட்விக் கோக் வகுத்தது. முதல் நாளே எட்ட வேண்டிய முழு வேகத்தில் இரண்டே எழுத்து. பத்துக்கு ஒன்பது சரியாக எழுதும்வரை அந்த இரண்டு மட்டும். பிறகு மூன்றாவது. ஒரு தடவைக்கு 10, 15 நிமிடம், தினமும். ஒரு நாள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து நான்கு நாள் விடுவதை விட இது எவ்வளவோ மேல். எழுத்து தவறினால் கோடு போட்டுவிட்டு நகர வேண்டும். தவறியதை நினைத்துக்கொண்டிருந்தால் பின்னால் வரும் நான்கும் போய்விடும். டிட் டா என்று புள்ளிகளை அச்சிட்ட அட்டவணையைக் கண்ணால் பார்க்காமலே கற்பது உத்தமம்.

தேர்வு எப்படி இருந்தது? ஐந்து நிமிடச் செய்தி. இரண்டு ஹாம்கள் பேசிக்கொள்ளும் பாணியில் அழைப்புக்குறி, சமிக்ஞை அறிக்கை, பெயர், ஊர், கருவி, ஆன்டெனா, வானிலை. 26 எழுத்தும், பத்து எண்ணும், முற்றுப்புள்ளி, காற்புள்ளி, கேள்விக்குறி, சாய்கோடு, சில நடைமுறைக் குறிகளும் அதற்குள் வந்தாக வேண்டும். முடிந்ததும் பத்துக் கேள்வி, ஏழு சரியானால் தேர்ச்சி. அல்லது எழுதிய தாளில் எங்காவது ஒரு நிமிட நீளத்துக்குப் பிழையே இல்லாமல் இருக்க வேண்டும்: 5 சொல்லில் தொடர்ந்து 25 எழுத்து, 13இல் 65, 20இல் 100. எண்ணும் குறிகளும் இரண்டிரண்டாகக் கணக்காகும்.

கவனித்தீர்களா? பாணி தெரிந்திருந்தால் பாதி எழுத்து தவறினாலும் ஏழு கேள்விக்குப் பதில் தேற்றிவிடலாம். ஊர் சொல்லும் இடத்தில் ‘எஃப்’, ‘எல்’ மட்டும் காதில் விழுந்தால் மாநிலம் ஃப்ளோரிடா. அனுப்பும் தேர்வைப் பிற்காலத்தில் கைவிட்டே விட்டார்கள். வாங்கத் தெரிந்தவருக்கு அனுப்பவும் வரும் என்று எடுத்துக்கொண்டார்கள். அதுவும் முழு உண்மை இல்லை. நேர்க் கீயில் (மேலும் கீழும் அழுத்தும் மோர்ஸ் விசை) டாவை இழுத்து, எழுத்துகளை ஒட்ட வைத்து அனுப்பும் ஆள் 20 சொல் வாங்கக்கூடியவராகவும் இருக்கலாம்.

1983இல் எஃப்.சி.சி. மோர்ஸ் இல்லாத ஒரு வகுப்பை முன்மொழிந்தது. எதிர்ப்பில் அது கவிழ்ந்தது. 1970களில் பொதுமக்கள் பேசும் சிட்டிசன்ஸ் பேண்ட் மேல் வந்த வெறி எல்லாருக்கும் நினைவில் இருந்தது. உரிமம் பற்றிக் கவலைப்படாமல் 27 மெகாஹெர்ட்ஸில் லட்சக்கணக்கானோர் கத்திக்கொண்டிருந்த காட்சியைப் பார்த்தவர்கள், மோர்ஸ் ஒன்றுதான் அந்தக் கூட்டத்துக்கும் நமக்கும் நடுவே உள்ள சுவர் என்று நம்பினார்கள். அடுத்த வருடம் தேர்வு நடத்தும் வேலை தன்னார்வலர்களிடம் போனது. கேள்வித் தொகுப்பு முழுவதும் வெளிப்படையானது. இதில்தான் விவாதத்தின் சூடு கூடியது: எழுத்துத் தேர்வை மனப்பாடம் செய்துவிடலாம், மோர்ஸை மட்டும் மனப்பாடம் செய்ய முடியாது, அதனால் உண்மையான தேர்வு அது ஒன்றுதான் என்றார்கள். பாதி நியாயம் இருக்கிற வாதம். ஆனால் எழுத்துத் தேர்வு ஒழுங்காக இல்லையென்றால் அதைத்தான் சரி செய்ய வேண்டும். பக்கத்தில் சம்பந்தமில்லாத ஒரு கடினத் தேர்வை வைத்து ஈடுகட்ட முடியாது.

பிறகு அடுத்தடுத்து நடந்தன. 1990இல் மருத்துவச் சான்று காட்டினால் 13, 20 சொல்லுக்கு விலக்கு. 1991 பிப்ரவரி 14 முதல் மோர்ஸ் இல்லாத டெக்னீசியன், 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே மட்டும். 2000 ஏப்ரல் 15 முதல் புதியவர்களுக்கு மூன்றே வகுப்பு, எல்லாவற்றுக்கும் ஒரே வேகம், 5. அன்று வரை 20 சொல் எழுதி வந்த எக்ஸ்ட்ராக்கள் புதியவர்களுக்கு ‘எக்ஸ்ட்ரா லைட்’ என்று பெயர் வைத்தார்கள். 2003 ஜூலையில் ஜெனீவா மாநாடு முடிந்தபோது, மோர்ஸ் வேண்டுமா என்பதை அந்தந்த நாடே முடிவு செய்துகொள்ளலாம் என்று பன்னாட்டு விதி மாறியது. அதற்குள் கடல்துறையே 1999 பிப்ரவரி 1 முதல் மோர்ஸை விட்டுச் செயற்கைக்கோள், தானியங்கி முறைகளுக்கு முழுசாக மாறிவிட்டது. விதியின் மூல காரணம் போன பிறகு விதி நான்கு வருடம் உயிரோடு இருந்தது.

ஸ்விட்சர்லாந்தும் பிரிட்டனும் அதே ஜூலையில் தேர்வை நீக்கின. பிரிட்டன் கதை தனியாகப் பேச வேண்டியது. அங்கே 1964 முதல் பி வகுப்பு இருந்தது: மோர்ஸ் இல்லை, சிற்றலையும் இல்லை. ஏ வகுப்புக்கு 12 சொல். அழைப்புக்குறியைப் பார்த்தே ஆள் எந்த வகுப்பு என்று சொல்லிவிடலாம், அதை வைத்து முகம் சுளிப்பவர்களும் இருந்தார்கள். ஆனால் 2002இல் அவர்கள் செய்தது புத்திசாலித்தனம். ஃபவுண்டேஷன் என்று 10 வாட் நுழைவு வகுப்பு வைத்து, சிற்றலையிலும் பேச விட்டு, மோர்ஸுக்குத் தேர்வு வைக்காமல் அறிமுகம் மட்டும் கொடுத்தார்கள். அட்டவணையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக அனுப்பி வாங்கிக் காட்டினால் போதும். பன்னாட்டு விதியும் பேருக்கு நிறைவேறியது, ஆளும் உள்ளே வந்தார்.

அமெரிக்காவில் 18 மனுக்கள் குவிந்தன. ஏ.ஆர்.ஆர்.எல். மனு நடுவழி தேடியது: ஜெனரலுக்கு மோர்ஸ் வேண்டாம், எக்ஸ்ட்ராவுக்கு மட்டும் 5 சொல் இருக்கட்டும். எஃப்.சி.சி. ஒப்புக்கொள்ளவில்லை. 2007 பிப்ரவரி 23 முதல் எல்லா வகுப்புக்கும் தேர்வு ரத்து.

வாதங்களில் உண்மையான கனம் உள்ளது ஒன்றுதான்: பலவீனமான சமிக்ஞையில் மோர்ஸ் பிழைத்துக்கொள்ளும். பேச்சுக்கு 2500 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும், மோர்ஸுக்கு 150 போதும். இரைச்சல் அகலத்துக்கேற்பக் குறைவதால் கிடைக்கும் ஆதாயம் சுமார் 12 டெசிபெல். அதாவது 5 வாட் மோர்ஸ் செய்யும் வேலைக்குப் பேச்சில் 80 வாட் தேவைப்படும். சின்னப் பெட்டியில் நாலைந்து டிரான்சிஸ்டர் வைத்துக் கட்டிய கருவியில் கண்டம் தாண்டலாம். இது மோர்ஸ் கற்க மிக நல்ல காரணம். எல்லாரையும் கட்டாயப்படுத்த இது காரணம் ஆகாது. 1998இல் பி.எஸ்.கே.31 என்ற கணினி முறை, 2017இல் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் உருவாக்கிய எஃப்.டி.8 என்று வந்த பிறகு அந்த ஆதாயமும் மோர்ஸுக்கு மட்டும் சொந்தம் இல்லை. எஃப்.டி.8 சுமார் 50 ஹெர்ட்ஸ் அகலத்தில், காதுக்கே கேட்காமல் இரைச்சலுக்கு அடியில் கிடக்கும் எழுத்தை எடுத்துவிடுகிறது.

எதிர்த் தரப்பும் பெரிதாக ஒன்று சொல்லிவந்தது: மோர்ஸை எடுத்தால் இளைஞர்கள் குவிவார்கள். அமெரிக்காவில் உரிமங்கள் 7 லட்சத்தைத் தாண்டி நிற்பது உண்மை. ஆனால் மோர்ஸ் இல்லாத வாசலை மிக முன்னால் திறந்த ஜப்பானில், 1990களின் நடுவில் 13 லட்சத்தைத் தாண்டியிருந்த நிலைய உரிமங்கள் இன்று 4 லட்சத்துக்கும் கீழே. கைபேசி வந்த பிறகு இந்த எண்ணிக்கையை மோர்ஸ் ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

மோர்ஸ் தேர்வு எதைச் சோதித்ததில்லை என்று பார்த்தால்தான் இன்னும் எரிச்சல் வரும். 1950களின் நாவிஸ் ஒருவர் 3.705 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை மாட்டுகிறார். வெளியீட்டில் உள்ள பை வடிவச் சுற்றின் மின்தேக்கியைத் திருப்பும்போது மின்னோட்டம் இரண்டு இடத்தில் தாழும். ஒன்று 3.7இல், இன்னொன்று இரட்டை அதிர்வெண்ணான 7.41இல். இரண்டாவது தாழ்வில் நிறுத்திவிட்டால், ஆன்டெனாவும் ஒத்துழைத்தால், அவர் திறன் பெரும்பாலும் 7.41இல் போகும். அது 40 மீட்டர் பேண்டுக்கே வெளியே. 5 சொல் பிசகாமல் எழுதிய ஆள்தான் அவர். எச்சரிக்கைக் கடிதம் வீட்டுக்கு வந்த பிறகுதான் இது அவருக்குத் தெரியும்.

மோர்ஸையே எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான். கீயை அழுத்தும்போது அலை சடக்கென்று எழுந்தால், ஒரு மில்லிவினாடிக்கும் குறைவாக, கிளிக் சத்தம் இருபுறமும் பல நூறு ஹெர்ட்ஸ், சமயத்தில் சில கிலோஹெர்ட்ஸ் தூரம் தெறிக்கும். ஏறவும் இறங்கவும் ஐந்து மில்லிவினாடி கொடுத்து மழுக்கினால் அடங்கும். 1500 வாட்டில் கிளிக் அடித்து 14.010இலிருந்து 14.014 வரை நாசம் செய்யும் நிலையங்களில் 20 சொல் காலத்து எக்ஸ்ட்ராக்களும் உண்டு.

இன்றைய பதிப்பு எஃப்.டி.8. கணினியிலிருந்து வரும் ஒலியின் அளவைக் கூட்டிவைத்தால் கருவி நெரிபட்டு, 600 ஹெர்ட்ஸ் தொனிக்கு 1200இலும் 1800இலும் போலிகள் முளைக்கும். அதே 3 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கும் மற்றவர்கள் தலையில் அது விழும். ஒலியின் அளவை, கருவியின் தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டைக் காட்டும் ஏ.எல்.சி. முள் அசையாத இடம்வரை இறக்கினால் பாதி தீர்ந்தது. மென்பொருளில் ஸ்ப்ளிட் அமைப்பைப் போட்டால் அது தொனியை 1500 முதல் 2000க்குள் வைத்துக்கொண்டு கருவியின் அதிர்வெண்ணை நகர்த்தும். இரட்டை 3000க்கு மேலே போய் வடிகட்டியில் மாட்டிக்கொள்ளும். இதற்கு இரண்டு நிமிடம் ஆகும். இதை நேரில் செய்துகாட்டச் சொல்லும் தேர்வு எந்த வகுப்பிலும் இல்லை.

இந்தியா 2003க்குப் பிறகும் பாதியில் நின்றது. 1978 விதிகளின் பழைய வகுப்புகள் சுருங்கி, மோர்ஸ் இல்லாத ரெஸ்ட்ரிக்டட் ஒன்றும், மோர்ஸ் தேவைப்படும் ஜெனரல் ஒன்றும் என ஆனது. முன்னவருக்கு வி.யு.3, பின்னவருக்கு வி.யு.2 என்று அழைப்புக்குறியிலேயே வேலி தெரியும். ஜெனரலுக்கு வேகம் 8 சொல், வாங்கவும் அனுப்பவும். டிட் 150 மில்லிவினாடி. வேகங்களில் இதைவிட மோசமான தேர்வு இருக்க முடியாது. 12, 13 என்றால் எண்ணிப் பழகியவரால் தாண்ட முடியாது, ஒலியாகக் கேட்கப் பழகியே ஆக வேண்டும். 8ஐ மூச்சுப் பிடித்து எண்ணியே தாண்டிவிடலாம். தாண்டியவர் வி.யு.2 வாங்கிக்கொண்டு 7.010க்குப் போனால் அங்கே எல்லாரும் 18, 20இல் ஓடிக்கொண்டிருப்பார்கள். கற்றதை மறந்து மறுபடி கற்க யாருக்குப் பொறுமை இருக்கும்? மைக்கை எடுத்துவிடுவார். சென்னையில் ஜெனரல் எழுதப் போகிறவர்கள் தேர்வு வேகத்தில் பழகாமல், எழுத்தை 18 சொல்லில் ஒலிக்கவிட்டு இடைவெளியை மட்டும் நீட்டிப் பழகுவது நல்லது. தேர்வு அறையில் எழுத்துகள் நீண்டு ஒலிக்கும் என்பதால் கடைசி ஒரு வாரம் மட்டும் நிஜமான 8இல் கேட்டுப் பழகிக்கொண்டால் போதும்.

அமெரிக்க வேலிக்குத் திரும்பினால், 2018 பிப்ரவரியில் ஏ.ஆர்.ஆர்.எல். ஒரு மனு கொடுத்தது. டெக்னீசியனுக்கு 3.900–4.000, 7.225–7.300, 21.350–21.450 இடங்களில் பேச அனுமதி, மோர்ஸ் இடங்களில் எஃப்.டி.8 வகைகளுக்கும் அனுமதி என்பது கோரிக்கை. உடனே பழைய பல்லவி: இலவசமாகக் கொடுத்தால் யார் ஜெனரலுக்குப் படிப்பார்கள்? 1963இல் சொன்ன அதே ஊக்க வாதம், மோர்ஸ் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு.

வகுப்புகளே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். 1500 வாட்டும் 200 வாட்டும் ஒன்றில்லை. 28 மெகாஹெர்ட்ஸில் 1500 வாட்டைப் பால்கனி ஆன்டெனாவில் ஊட்டுபவர், பக்கத்து வீட்டுக் கட்டில் அந்த ஆன்டெனாவிலிருந்து எத்தனை மீட்டரில் கிடக்கிறது என்று கணக்குப் போடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அதற்கு ஒரு தேர்வு வையுங்கள், கடினமாகவே வையுங்கள். ஆனால் 100 வாட்டில் 7.240இல் பேச ஒருவருக்கும், 7.140இல் பேச இன்னொருவருக்கும் தனித்தனித் தகுதி எதற்கு? அலை எழும்பும் விதம், ஆன்டெனா, அபாயம் எல்லாம் ஒன்றே. வாட்டுக்கு வகுப்பு வைத்துவிட்டு அதிர்வெண்ணை எல்லாருக்கும் ஒன்றாக்கினால், 14.000 முதல் 14.025 வரை மோர்ஸ் தெரிந்தவர்கள் தாமாகவே நிறைந்துவிடுவார்கள், ஏனென்றால் அங்கே வேறு யாருக்கும் வேலை இருக்காது.

அதுவரை டெக்னீசியனாக இருக்கும் ஒருவருக்கு வழி இருக்கிறது. ஜெனரல் தேர்வு 35 கேள்விதான். 2022 ஏப்ரலிலிருந்து உரிமத்துக்கு 35 டாலர் கட்டணம் வந்தாலும், கையில் உள்ள உரிமத்தை மேல் வகுப்புக்கு ஏற்ற அது கிடையாது. அதற்குள் 7.025க்கும் 7.125க்கும் நடுவே சும்மா கிடக்கும் 100 கிலோஹெர்ட்ஸைப் பயன்படுத்த நினைத்தால் கோக் முறையில் தினம் 15 நிமிடம் உட்காரலாம். 7.110 சுற்றுப்புறத்தில் மாலை நேரங்களில் மெதுவாக அனுப்புபவர்கள் கிடைப்பார்கள். வேகமாக அழைப்பவரிடம் ‘க்யூ.ஆர்.எஸ்.’ (மெதுவாக அனுப்புங்கள்) என்று அனுப்பினால் பெரும்பாலோர் உடனே வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள்.